சீட்டின் மூலையில் சனி

என் தையல் கடைக்கு மேல்மாடியில் ஜெசிந்தா டீச்சர் டாரட் என்கிற படச்சீட்டை வைத்துப் பலன் பார்க்கிறார். திருச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஓவியம் சொல்லிக்கொடுத்தவர், அதை விட்டுவிட்டு இதற்கு வந்தார். வயது நாற்பதுகூட ஆகவில்லை. அவரிடம் சிஷ்யராகச் சேர்ந்த தணிகாசலம் ஐயாவுக்கோ அறுபது தாண்டிவிட்டது. பரம்பரை ஜோசியர். படி ஏறி முடிப்பதற்குள் மூச்சு வாங்கும், ஆனாலும் வராமல் இருக்கமாட்டார். குரு சின்னது, சிஷ்யன் பெரிசு என்று நான் கேலி பண்ணுவேன். இரண்டு பேரும் சிரித்துக்கொள்வார்கள்.

இந்த வயதில் அவர் ஏன் சீட்டு படிக்க வந்தார் என்றால், இப்போது வரும் பிள்ளைகள் ஜாதகத்தோடு வருவதில்லையாம். பிறந்த நேரம் கேட்டால் அம்மாவுக்குப் போன் போடுகிறார்கள். அம்மாவுக்கே மறந்து போயிருக்கிறது. சரி, சீட்டாவது கைகொடுக்குமா பார்ப்போம் என்று வந்தார்.

வந்தவர் பழசை விட்டாரா என்றால் அதுதான் இல்லை. எந்தச் சீட்டுக்கு எந்தக் கிரகம், எந்த ராசி என்று வெள்ளைக்காரர்களே ஒரு கணக்கு வைத்திருக்கிறார்களாம். அதை எங்கேயோ தேடிப் பிடித்து, தன் சீட்டுக்கட்டில் இருந்த முக்கியமான சீட்டுகளின் மூலையில் எல்லாம் பென்சிலால் எழுதி வைத்துவிட்டார். கோபுரம் இடிந்து விழுகிற சீட்டில் செவ்வாய். தராசு பிடித்த சீட்டில் துலாம். நூலில் முடிச்சுப் போட்ட மாதிரி பொடி எழுத்து.

ஆனாலும் மனசில் ஒரு சந்தேகம் அவருக்கு. சாயங்காலமானால் டீச்சரிடம் அதையே கேட்பார்.

"டீச்சர், சீட்டு பாக்கிறவங்களுக்கு ஜோசியம் தெரிஞ்சிருக்கணுமா, வேண்டாமா?"

டீச்சர் பதில் சொல்லமாட்டார். டீ ஆறிடும் குடிங்க ஐயா என்பார். இல்லாவிட்டால் ஃபேனைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள் என்பார். எனக்கே சில நாள் எரிச்சலாக வரும். ஆமாம் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்தால் என்னவாம்.

அப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் அஞ்சுகம் கடைக்கு வந்தாள்.

அவள் ஒரு ஹாஸ்டலில் சமையல் வேலை பார்க்கிறவள். புருஷன் இல்லை. ஒரே மகள் சங்கவி, தனக்குப் பிடித்த பையனைக் கட்டிக்கொண்டு ஓசூர் போய்விட்டாள். அஞ்சுகத்தின் அண்ணன் கோபக்காரர், அந்தப் பெண்ணோடு யாரும் பேசக்கூடாது என்று சொல்லிவிட்டார். இவளும் பேசவில்லை. இப்போது அந்தப் பெண் நிறைமாதம். அவளே போன் பண்ணி, "அம்மா, எனக்குப் பயமா இருக்கு, நீ வந்து பக்கத்துல இரு" என்றிருக்கிறாள். அந்தப் பயணத்துக்குத்தான் அஞ்சுகம் என்னிடம் ரவிக்கை தைக்கக் கொடுத்திருந்தாள். தைத்து, கொக்கி வைத்து, மடித்துத் தயாராக வைத்திருந்தேன்.

வந்தவள் ரவிக்கையைத் தொடவே இல்லை. இங்கேயே இருக்கட்டும் அக்கா, நான் போகவில்லை என்றாள்.

விஷயம் இதுதான். அண்ணன் இவள் ஜாதகத்தை எங்கேயோ காட்டியிருக்கிறார். மீன ராசிக்கு ஏழரைச் சனி நடக்கிறது, இவள் காலடி பட்டால் பிறக்கிற உயிருக்கு ஆகாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். டாக்டர் சொன்ன நாளோ நெருங்கிவிட்டது. அன்று சாயங்கால பஸ்ஸை விட்டால் பிரசவத்துக்குள் போய்ச் சேர முடியாது.

"என் பொண்ணுக்கு என்னால ஒண்ணு ஆயிட்டா நான் உயிரோட இருப்பேனாக்கா?" என்றாள்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. வா என்று கையைப் பிடித்து மாடிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

டீச்சர் எல்லாவற்றையும் கேட்டார். பிறகு ஐயாவைப் பார்த்து, "இன்னைக்கு நீங்க பாருங்க, உங்க சீட்டிலேயே" என்றார். அதுவரை அவர் யாருக்கும் பார்த்ததில்லை. துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு சீட்டைக் கலைத்து விரித்தார். அஞ்சுகம் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள்.

வாங்கியவர் கண் நேராக மூலைக்குப் போனது. அதில் சனி என்று எழுதியிருந்தது.

அவர் முகம் சுருங்கிவிட்டது. அவர் பொல்லாதவர் இல்லை. சொல்லாமல் இருந்தால் பாவம் என்று நினைக்கிற ஆள். "இங்கயும் சனிதான் வந்து நிக்கிறான் தாயி. மனசைக் கல்லாக்கிக்கிட்டு, பிரசவம் முடிஞ்சு கொஞ்ச நாள் கழிச்சுப் போங்க" என்றார்.

அஞ்சுகம் தலையாட்டினாள். பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். இவளை எதற்கு இங்கே கூட்டிவந்தோம் என்று என்னையே நான் திட்டிக்கொண்டேன்.

டீச்சர் கைநீட்டி ஐயாவிடமிருந்து அந்தச் சீட்டை வாங்கினார். பென்சில் எழுத்து தெரியாதபடி மூலையைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டார். அஞ்சுகத்தின் முன்னால் நீட்டினார்.

"இதுல என்ன தெரியுதுங்க உங்களுக்கு?"

அஞ்சுகம் குனிந்து பார்த்தாள். பெரிய மாலை ஒன்று வட்டமாக, அதற்கு நடுவில் ஒரு பெண். உலகம் என்பது அந்தச் சீட்டின் பெயர் என்று பிற்பாடு டீச்சர் சொன்னார். நல்லபடியாக நிறைவேறுகிறது என்று அர்த்தமாம்.

"மாலை போட்டு நடுவுல ஒரு பொண்ணை நிறுத்தியிருக்காங்க" என்றாள் அஞ்சுகம். இன்னும் கொஞ்சம் பார்த்தாள். "வளைகாப்பு மாதிரி இருக்கு."

சொல்லி வாயை மூடவில்லை, அப்படியே உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். என் பிள்ளைக்கு நான் வளையல் போடலியே, யார் கையாலோ போட்டுக்கிட்டாளே என்று சொல்லிச் சொல்லி அழுதாள். நானும் அழுதேன், அதில் என்ன வெட்கம். எத்தனை நாள் அடைத்து வைத்திருந்தாளோ, அவ்வளவும் வந்தது.

அழுது முடித்தும் அவள் கிளம்பவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஐயாவையே பார்த்தாள். "ஆனா சனி இருக்கானே" என்றாள்.

டீச்சர் ஐயா பக்கம் திரும்பினார். குரலில் குற்றம் சொல்லும் தொனி துளியும் இல்லை. பாடம் கேட்கிற பிள்ளை மாதிரி கேட்டார்.

"ஐயா, ஏழரைச் சனி நடக்கிற தாய், பெத்த பொண்ணோட பிரசவத்துக்குப் போகக்கூடாதுன்னு உங்க அப்பா சொல்லிக்கொடுத்ததுல எங்கயாவது இருக்கா?"

ஐயா கண்ணை மூடிக்கொண்டார். உதடு மட்டும் அசைந்தது. படித்த ஜோசியப் பாட்டையெல்லாம் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தார் போலிருக்கிறது. எனக்கு மணியைப் பார்க்கப் பயமாக இருந்தது.

"இல்ல" என்றார். "எங்கயும் இல்ல."

"அப்ப சனி என்னதான் செய்வான்?"

"தூக்கத்தைக் கெடுப்பான். அலைய விடுவான். உடம்பு நோக வேலை வாங்குவான்."

சொல்லிவிட்டு நிறுத்தினார். அவர் முகம் மெல்ல மாறியது. அஞ்சுகத்தின் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"பச்சைப் பிள்ளை இருக்கிற வீட்டுக்குப் போறே தாயி. தூக்கம் இருக்காது, அலைச்சல் இருக்கும், வேலை முதுகை ஒடிக்கும். சனி அதைத்தான் சொல்றான். வேற ஒண்ணும் சொல்லல. போய்ட்டு வா."

அஞ்சுகம் எழுந்து அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். ரவிக்கையை நான்தான் அவள் பையில் திணித்தேன். ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டேன்.

அதற்கப்புறம் ஐயாவைக் காணோம். வெட்கப்பட்டுக்கொண்டு வராமல் இருக்கிறார் என்று எனக்குத் தெரியும். டீச்சர் அவர் நாற்காலியைத் துடைத்து வைப்பார், வேறு யாரையும் அதில் உட்காரவிடமாட்டார்.

அடுத்த வாரம் அஞ்சுகம் போன் பண்ணினாள். பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நல்லபடியாக இருக்கிறார்கள். சங்கவி கையில் இவள் கண்ணாடி வளையல் போட்டுவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கே கூட்டிப்போனாளாம். பின்னாலிருந்து குழந்தை வீல் வீலென்று கத்தியது. "அக்கா, ராத்திரி கண்ணை மூட விடல இவ. ஐயா சொன்ன சனி என்னைப் பிடிச்சு ஆட்டுதுன்னு சொல்லு. அவர் நல்லா இருக்கணும்னு நான் கும்பிட்டுக்கிட்டதாச் சொல்லு" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் அதுவரை கேட்டதில்லை.

நான் கடையை அப்படியே போட்டுவிட்டு ஐயா வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

அன்று சாயங்காலமே வந்துவிட்டார். நானும் கூடவே ஏறினேன். சட்டைப் பையிலிருந்து சீட்டுக்கட்டை எடுத்து வைத்தார், பக்கத்தில் ஒரு ரப்பர்.

"எல்லாத்தையும் அழிச்சிடறேன் டீச்சர். இந்த எழுத்தாலதான் அந்தத் தாயைத் திருப்பி அனுப்பப் பார்த்தேன். நீங்க வாயால சொல்லாததை அன்னைக்குக் காட்டிட்டீங்க. சீட்டுக்கு ஜோசியம் வேண்டாம்."

டீச்சர் ரப்பரை எடுத்து அவர் சட்டைப் பையிலேயே திரும்பப் போட்டார்.

"படத்தைப் பார்த்து அந்தம்மா என்ன செஞ்சாங்க ஐயா?"

"அழுதாங்க."

"அழுதுட்டுக் கிளம்பினாங்களா?"

ஐயா யோசித்தார். "இல்ல. உக்காந்தேதான் இருந்தாங்க."

"எப்ப எந்திரிச்சாங்க?"

"நான் போய்ட்டு வான்னு சொன்னப்புறம்" என்றார் ஐயா. கண் கலங்கிவிட்டது.

டீச்சர் எழுந்து நின்று, தன்னைவிட மூத்த அந்தச் சிஷ்யரைப் பார்த்துக் கைகூப்பினார்.

"என் சீட்டு அவங்களை அழத்தான் வச்சுது ஐயா. சனி என்ன செய்வான்னு தெரிஞ்சு பஸ் ஏத்திவிட்டது நீங்க. அதுக்கு நான் இன்னும் உங்களுக்கு நன்றி சொல்லல."