கோலத்தில் விட்ட வழி

வெகு காலத்துக்கு முன்னே, மயில்கள் அரண்மனைக் கூரையில் உறங்கிய காலத்தில், வாகைபுரி என்றொரு ராஜ்யம் இருந்தது. அங்கே அரண்மனை வாசலில் கோலம் போடுகிறவள் செண்பகவல்லி. அவள் கோலத்தை எறும்புகூடச் சுற்றிக்கொண்டுதான் போகும் என்று ஊரில் பேச்சு.

ஒருநாள் ராஜா வேட்டையிலிருந்து ஒரு கிழட்டு நாயோடு திரும்பினார். கன்றுக்குட்டி அளவு உடம்பு. முன்னங்கால் ஒன்று கல். ஆமாம், நிஜமான கல். நடந்தால் டக் டக்கென்று கேட்கும். மந்திரவாதியின் குகையில் பன்னிரண்டு வருஷம் காவல் கிடந்ததாம். மந்திரவாதி செத்தும் அது நகரவில்லை. தன்னைச் சுற்றியிருந்த வெள்ளைப் பொடி வட்டத்தை வீரர்கள் மிதித்துக் கலைத்த பிறகுதான் எழுந்து வந்ததாம். ராஜா அதைச் செண்பகவல்லியிடம் ஒப்படைத்தார். அவள் கம்பளி என்று பேர் வைத்தாள்.

முதல் நாள் கம்பளி சபா மண்டபத்தை நனைத்தான். இரண்டாம் நாள் பூஜையறை வாசலை நனைத்தான். மூன்றாம் நாள் மந்திரியின் பட்டுச் செருப்பை நனைத்தான். இன்னொரு தடவை நடந்தால் காட்டில் விடவேண்டும் என்று மந்திரி குதித்தார். ராஜாவும் தலையாட்டிவிட்டார். பல் விழுந்த நாய் காட்டில் ஒரு நாள் தாங்குமா?

செண்பகவல்லி அதட்டிப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள், முற்றத்து வேப்பமரத்தைக் காட்டிக் காட்டிச் சொல்லிப் பார்த்தாள். கம்பளி வாசல்வரை வருவான், கோலத்தைப் பார்ப்பான், முனகிக்கொண்டு திரும்பிவிடுவான். என் கோலத்தை மிதிக்க மனசில்லை பாரேன் என்று அவளுக்குப் பெருமை வேறு. அந்தப் பெருமையில் நாளுக்கு நாள் கோலம் பெரிதாயிற்று.

நாலாம் நாள் விடியலில் மழை. கோலம் இல்லை. கம்பளி தானாக வெளியே ஓடினான், வேப்பமரத்தடியில் காலைத் தூக்கினான், வாலை ஆட்டிக்கொண்டு திரும்பினான்.

செண்பகவல்லிக்கு அப்போதுதான் புரிந்தது. வெள்ளைப் பொடி வட்டத்தைத் தாண்டினால் கல்லாவாய் என்று மந்திரவாதி அவனை மந்திரத்தால் கட்டியிருக்கிறான். ஒரு தடவை தாண்டிப் பார்த்த கால்தான் அது. வட்டத்துக்குள்ளேயே எல்லாம் செய்து பழகிய ஜீவன். தான் ஆசையாகப் போட்ட ஒவ்வொரு கோலமும் அவனுக்குச் சிறையாக இருந்திருக்கிறதே என்று அழுதாள்.

மறுநாள் இளவரசிக்குப் பேர் வைக்கும் விழா. நூற்றெட்டுப் புள்ளிக் கோலம் வாசலை அடைத்துக் கிடந்தது. ராஜா அடிவைக்கும் முன் அதைக் கலைப்பவருக்கு அரண்மனையில் வேலை கிடையாது. ராஜாவின் பல்லக்கு வந்து நின்ற நேரம் பார்த்துக் கம்பளி வாசற்படியில் தவித்துத் தவித்துச் சுற்றினான். மந்திரியின் கண் அவன்மேலேயே இருந்தது.

செண்பகவல்லி மண்டியிட்டாள். முந்தானையால் கோலத்தின் நடுவே ஒரு முழம் அகலத்துக்குத் துடைத்துக்கொண்டே போனாள்.

"என்ன காரியம் செய்கிறாய்?" என்றார் ராஜா.

"வழி விடுறேன் மகாராஜா. அவன் வெளியே போகணும்."

கம்பளி இறங்கினான். முதல் அடி, டக். இரண்டாம் அடி, டக். மூன்றாம் அடியில் சத்தமே இல்லை. கல் இருந்த இடத்தில் ரோமம் முளைத்த கால். வேப்பமரத்தடியில் வேலையை முடித்துவிட்டு அவள் அருகே வந்து வாய் திறந்தான். நாய் பேசியது அந்த ஒரே தடவைதான்.

"வீரர்கள் தெரியாம மிதிச்சாங்க. தெரிஞ்சே எனக்காக ஒரு கோடு அழிச்சது நீதான், தாயி; அதான் கட்டு அவிழ்ந்தது."

ராஜா பல்லக்கை விட்டிறங்கி, அந்த ஒரு முழ வழியிலேயே உள்ளே நடந்தார். செண்பகவல்லியின் வேலை அவளிடமே இருந்தது. விடிந்ததும், சோறு தின்றதும், விளக்கு வைக்கும் முன்னும் அவள் கம்பளியை வெளியே கூட்டிப்போனாள். மண்டபம் அதன்பிறகு நனையவில்லை. மந்திரியின் செருப்பு மட்டும் இன்னொரு தடவை நனைந்தது. அது மந்திரத்தால் அல்ல என்றுதான் நினைக்கிறேன்.

வாகைபுரியில் இன்றும் எத்தனை பெரிய கோலமானாலும் ஒரு முழம் வழி விட்டுத்தான் போடுகிறார்கள். உங்கள் வீட்டுக் கிழட்டு நாய் வாசலில் நின்று முனகினால், அதட்டுமுன் அதன் காலடியில் என்ன கிடக்கிறது என்று பாருங்கள்.