வாசலில் சொல்லாமல் கிளம்பியவள்

மழை எந்தப் பக்கம் பெய்தாலும் முதலில் நனைகிற மலை ஒன்று இருந்ததாம். அதில் முப்பது வீடுள்ள ஓர் ஊர் இருந்ததாம். அங்கே மானுடவியல் படித்த ஒருத்தி வந்தாளாம். பேர் பூரணி.

மாதி என்பவள் வீட்டில் ஆறு மாதம் தங்கினாள். கீழே அணை வரப்போகிறது. ஊர் இருக்குமா, காலிசெய்யணுமா என்பது பூரணி எழுதும் அறிக்கையைப் பொறுத்து இருந்தது.

கிளம்பும் நாளில் அவளுடைய ஆசிரியர் கடம்பவனம் ஜீப்பில் வந்தார். பூரணி பையை ஏற்றினாள். தான் ஏறவில்லை.

"ஐயா, மூதாதைங்களைப் புதைச்ச காட்டை மாதி எனக்குக் காட்டினா. வெளிய தெரிஞ்சா வந்து தோண்டுவாங்க, சொல்லாதேன்னா. ஆனா இது அவங்க பரம்பரை மண்ணுன்னு காட்ட அதை எழுதினாத்தான் ஊர் தப்பும். என்ன செய்ய?"

"மூணு நாட்டுல வேலை பாத்தவளாச்சே. அங்கெல்லாம் எப்படி?"

"ஒரு நாட்டுல, ஜனங்க கையெழுத்துப் போட்டாத்தான் நோட்டையே திறப்போம். இன்னொண்ணுல கம்பெனி சம்பளம், கம்பெனி கேட்டதை எழுதணும். மூணாவதுல அரசாங்க வேலை. பாத்ததெல்லாம் மேலதிகாரிக்குப் போயிடும். எது சரிங்கய்யா?"

கடம்பவனம் அவள் நோட்டை வாங்கிப் புரட்டினார். ஒரு பக்கத்தில் விரல் வைத்தார்.

"படி."

"'இவ்வூரில் விருந்தாளி கிளம்புமுன், வாசலில் நின்று, தான் கண்டதையெல்லாம் சொல்ல வேண்டும். பிழையை வீட்டார் திருத்துவர். வெளியே போகக் கூடாதது எது என்றும் அவர்களே சொல்வர். சொல்லாமல் போகிறவரைத் திருடர் என்பர்.'"

"நல்லா எழுதியிருக்க. நீ சொன்னியா?"

பூரணி நோட்டைப் பார்த்தாள். "நான் விருந்தாளி இல்லையே. வேலைக்கு வந்தவ."

"ஆறு மாசம் யார் சோறு?"

மேலே வாசலில் மாதி நின்றிருந்தாள். காலையிலிருந்தே நிற்கிறாள் போல.

"என்னக்கா, ஜீப்பைக் கண்டதும் வாய் ஒட்டிக்கிச்சா?" என்று கத்தினாள். சிரிக்கவில்லை.

பூரணி குரலைத் தாழ்த்தினாள். "காட்டைப் பத்தி எழுதவே கூடாதுன்னு சொல்லிட்டா? ஊரே போயிடுமே ஐயா."

"யாரு ஊரு?"

பூரணி நோட்டை எடுத்துக்கொண்டு படியில் ஏறினாள். பாதியில் திரும்பினாள்.

"நேரமாகும். நீங்க ஜீப்புல உக்காருங்க."

கடம்பவனம் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

"உனக்கப்புறம் நான். முப்பது வருஷத்துக்கு முன்ன நானும் இங்க தங்கி எழுதிட்டு, வாசல்ல சொல்லாமப் போனவன்தான்" என்று சொல்லிவிட்டு, அவள் பின்னால் ஏறிப் போனார்.