எறும்பு அண்டாத நட்சத்திரம்

“என் நட்சத்திரத்துக்கு என்ன குறைச்சல், பிலோமி?” என்று மிக்கேல் சார் கேட்டார். பதினெட்டு நாளாக அடக்கி வைத்திருந்த கேள்வி.

பிலோமி கையிலிருந்த ஐசிங் கோனைக் கீழே வைக்கவில்லை. பிஸ்கட் ஆட்டுக்குட்டி ஒன்றுக்கு முடி போட்டுக்கொண்டிருந்தாள்.

“எறும்பைக் கேளுங்க சார்.”

அவ்வளவுதான் பதில்.

மிக்கேல் சாருக்கு அறுபத்திரண்டு வயது. முப்பத்தாறு வருடம் ஓவிய வாத்தியார். பிலோமிக்கு முப்பதுகூட ஆகவில்லை. தூத்துக்குடியில் சின்னதாக ஒரு பேக்கரி வைத்திருக்கிறாள். ஆறாம் வகுப்பில் அவரிடம் படித்தவள்தான். வரைவதற்காக மேசையில் வைத்திருந்த ஆரஞ்சுப் பழத்தை, அவர் கரும்பலகைப் பக்கம் திரும்பிய நேரத்தில் உரித்துத் தின்றுவிட்டாள். சார் முட்டை மார்க் போட்டுப் பெஞ்சு மேல் ஏற்றினார்.

இப்போது ரிட்டயர் ஆகிக் கை சும்மா இருக்க மாட்டாமல், அவளிடமே ஐசிங் கற்றுக்கொள்ள வந்திருக்கிறார். அதற்கெல்லாம் வெட்கம் பார்க்கிற ஆள் இல்லை.

ஒவ்வொரு டிசம்பரும் அவள் கடைக் கண்ணாடிக்குள் ஒரு குடில் எழும்பும். மாடு, கழுதை, இடையர், கூரை எல்லாமே பிஸ்கட். கிறிஸ்துமஸ் அன்று காலைப் பூசை முடிந்து வரும் தெருப்பிள்ளைகள் அதைப் பிய்த்துத் தின்று தீர்ப்பார்கள். அது அந்தக் கடை வழக்கம்.

உச்சி நட்சத்திரத்தைச் சார் கேட்டு வாங்கியிருந்தார். பெங்களூரிலிருந்து இன்று வரும் பேத்தியிடம் போனில் சொல்லியும் விட்டார்: “கண்ணாடிக்குள்ள தாத்தா செஞ்ச நட்சத்திரம் இருக்கும், பாரு.”

தினம் ஒன்று செய்தார். காம்பஸ், ஸ்கேல் வைத்து அளந்து செய்தார். பிலோமி ஒவ்வொன்றையும் வாங்கி அலமாரியில் ஒரு தட்டில் வைத்துவிடுவாள். குடிலின் உச்சி காலியாகவே இருந்தது.

சார் எழுந்துபோய் அலமாரியைப் பார்த்தார். பக்கத்துத் தட்டிலிருந்த உடைந்த பிஸ்கட்டில் எறும்பு மொய்த்துக் கிடந்தது. அவருடைய நட்சத்திரங்களை மட்டும் எறும்பு வரிசை சுற்றிக்கொண்டு போனது.

“பாத்தியா! எறும்புகூட அண்டல. வேலைன்னா இதுல்லா வேலை!”

பிலோமி சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. சாரின் மகள் இறங்குவதற்குள் நாலு வயதுப் பேத்தி ஜெனோ ஓடிவந்து கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டது.

“தாத்தா, உங்க ஸ்டார் எங்க?”

சாருக்கு முகம் சுண்டிப்போனது.

“வச்சிரு பிலோமி. உனக்குப் புண்ணியமாப் போகும்” என்றார்.

“வச்சிருவோம் சார். ஆனா ருசி பாக்காம நான் எதையும் உள்ள வைக்கிறதில்ல.”

அன்றைய நட்சத்திரத்தை எடுத்தாள். அது பவுன்போல மின்னியது. வாய்க்குக் கொண்டுபோனாள்.

“ஏ பிள்ள, வேண்டாம்!”

சார் தட்டிவிட்ட வேகத்தில் நட்சத்திரம் தரையில் விழுந்து மூன்றாக உடைந்தது.

“ஏன் சார்? பிஸ்கட்டுதான?”

சார் தரையையே பார்த்துக்கொண்டு நின்றார். அதில் மின்னியது பள்ளி ஆண்டு விழாவில் அட்டைக் கிரீடங்களுக்குப் பூசுகிற தங்கப் பெயிண்ட். பாட்டில் அவர் சட்டைப்பையில்தான் இருந்தது. உச்சியில் இருப்பதை யார் எட்டிப் பறித்துத் தின்னப்போகிறார்கள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிச் சொல்லிப் பூசியது.

“இல்ல” என்றார். “பிஸ்கட்டு இல்ல.”

பிலோமி வெறும் நட்சத்திர பிஸ்கட் ஒன்றை அவர் முன்னால் வைத்தாள். மஞ்சள் ஐசிங் நிரப்பிய கோனைக் கையில் கொடுத்தாள்.

சார் பாட்டிலைக் குப்பைக்கூடையில் போட்டார். அலமாரித் தட்டையும் அதிலேயே கவிழ்த்தார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உட்கார்ந்தார். ஜெனோ அவர் முழங்கையில் தொங்கிக்கொண்டே பார்த்தது.

“கொஞ்ச நேரம் காயணும். அப்புறம் உச்சியில வச்சிரலாம் மக்கா” என்று சொல்லிவிட்டு, ஈரத்துணி எடுக்கத் திரும்பினார்.

துணியோடு திரும்பி வந்தால் மேசையில் தூள்தான் கிடந்தது. பேத்திக்கு மூக்கு நுனிவரை மஞ்சள்.

“ஐயோ, அது கண்ணாடிக்குள்ள வைக்கிறதுட்டி!” என்று மகள் பதறினாள்.

“தாத்தா, இன்னொண்ணு” என்றது ஜெனோ.

பிலோமி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

“இந்தப் பிள்ளைக்கு எத்தன மார்க்கு சார் போடுவீங்க?”

சார் பேத்தியின் மூக்கைத் துடைத்துவிட்டார்.

“நூறு” என்றார். அடுத்த பிஸ்கட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “அந்த ஆரஞ்சுப் பழத்துக்கும் நூறு போட்டுக்கோ, பிள்ள.”