நாற்பத்தோரு இலைகள்

முன்னொரு காலத்தில் ஒரு நாட்டு அரசருக்கு விபரீதமான ஆசை ஒன்று வந்தது: தம் பிறந்தநாள் வரை நாட்டில் சாவே இருக்கக்கூடாது.

அந்த மாதம் பார்த்துத் தறித்தெருவில் பேதி. அவை விகடக்காரி அங்காயி வீடு வீடாகப் போய் விசாரித்தாள். குளத்து நீர் குடித்தவர்கள் விழுந்தார்கள்; ஊற்று நீர் குடித்த ஊற்றுக் காவல்காரர்கள் வீட்டில் ஒரு குழந்தைகூட விழவில்லை. ஊற்றைப் பூட்டி வைத்திருந்தவர் அமைச்சர். அவருடைய வெற்றிலைக் கொடிக்காலுக்கு அந்தத் தண்ணீர் வேண்டும். அங்காயி அவையில் எல்லாவற்றையும் சொன்னாள். இன்னும் ஓராண்டு ஆராயலாம் என்றார் அமைச்சர். அவள்மேல் அவருக்கு முன்பே பொறாமை. தறித்தெருவில் எவரும் சாகவில்லை, செத்ததாகச் சொல்பவர் தலை உருளும் என்று அரசரிடம் ஆணை வாங்கிப் பறையறைவித்தார்.

தறித்தெருவில் இருந்த அங்காயியின் அக்காள் அதற்குள் பேதியில் போய்விட்டாள். அக்காள் மகள் இன்னும் அந்தக் குளத்தில்தான் குடம் நனைத்துக்கொண்டிருந்தாள்.

பிறந்தநாள் பந்தியின் பொறுப்பை அங்காயி கேட்டு வாங்கினாள். தறித்தெருவில் ஒருவர் பெயரும் விடாமல் அழைப்பு வைத்தாள். அழைத்த குடிகள் எல்லோரும் சோற்றில் கை வைத்த பிறகே அரசர் கை வைப்பது அந்நாட்டு வழக்கம். உச்சி வெயில். தறித்தெரு வரிசையில் நாற்பத்தோரு இலைகளுக்கு முன்னால் ஆளில்லை. சோறு ஆவி விட்டது, ஆவி அடங்கியது. ஓர் ஈகூட உட்காரவில்லை. பக்கத்து இலைக்காரர்கள், தோள் இடித்துவிடுமோ என்பதுபோல் ஒதுங்கி உட்கார்ந்திருந்தார்கள்.

இவர்கள் ஏன் உண்ணவில்லை என்று பசியோடு கேட்டார் அரசர்.

"தெரியல மகாராசா. உங்க ஆணைப்படி எல்லாரும் உசுரோடதான் இருக்காங்க," என்றவள், முதல் இலைப் பக்கம் குனிந்தாள். "சாப்பிடுக்கா. மகாராசா காத்திருக்காரு."

அமைச்சர் இலைகளை எடுக்கச் சொன்னார்.

"உசுரோட இருக்கிறவங்க இலையை எடுக்கலாமாய்யா? செத்தவங்கன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, எடுத்துடறேன்."

அமைச்சரின் கை தானாகக் கழுத்துக்குப் போனது.

நிழல் சாய்ந்தது. சோறு விறைத்தது. கடைசியில் அரசர்தான் வாய் திறந்தார்.

"இறந்துவிட்டார்கள்."

சொன்ன பிறகுதான் தம் ஆணை தம் தலைக்கே வந்துவிட்டது உறைத்தது. விழுந்து விழுந்து சிரித்தார். பந்தியில் வேறு யாரும் சிரிக்கவில்லை. என் தலையைத் தவிர எது வேண்டுமானாலும் கேள் என்றார்.

"ஊத்துச் சாவி."

அமைச்சரின் மடியிலிருந்து சாவி வந்தது. அதை அக்காள் மகள் கையில் கொடுத்துத் தெருப் பெண்களோடு ஊற்றுக்கு அனுப்பினாள் அங்காயி. பிறகு நாற்பத்தோரு இலைகளையும், ஒவ்வொன்றுக்கும் உரியவர் பெயரைச் சொல்லி, இழவு வீட்டில் மடிப்பதுபோல் வெளிப்பக்கமாக மடித்தாள்.

அதன்பின் அரசர் உண்டார். உண்டு முடித்து, தம் இலையை எந்தப் பக்கம் மடிப்பதென்று தெரியாமல் உட்கார்ந்தே இருந்தார்.