நாலாவது நிறம்

"நீலம் அடிச்சும் பேசலை. மஞ்சள் அடிச்சும் பேசலை. இப்போ பச்சையும் அடிச்சாச்சு. அடுத்து என்ன நிறம் அடிக்கட்டும்? நீங்களே சொல்லுங்க அம்மா!"

செங்கமலம் மடத்துக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள். பிறகு நினைவு வந்து, வாசலுக்குப் போய்க் கழற்றிவிட்டு வந்தாள்.

மடத்து அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். செங்கமலத்தைவிடப் பத்து வயது இளையவர். அதுவே செங்கமலத்துக்கு ஒரு குறை.

"உட்காருங்க அக்கா."

அம்மா ஒரு கொத்துக் கீரையை அவள் பக்கம் தள்ளினார்.

"போன தடவையும் கீரைதான். அதுக்கு முந்தின தடவையும் கீரைதான். நான் கீரை ஆயவா பஸ் ஏறி வர்றேன்? என் பொண்ணு நாலு மாசமா வாயைத் திறக்கலை அம்மா!"

அது உண்மை. மகள் தமயந்தி புகுந்த வீட்டிலிருந்து ஒரே ஒரு பையோடு தனியாக வந்தாள். என்ன நடந்தது என்று கேட்டால், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். வியாழக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் அவளை அழைத்துப் போக வருகிறார்கள்.

இன்று செவ்வாய்.

செங்கமலம் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து நீட்டினாள். மகளின் அறைக்குப் பெயிண்ட் வாங்கிய கடையில் கொடுத்தது.

"நான் அஞ்சாவதோட நின்னவதான். ஆனா இதை எழுத்துக் கூட்டி ரெண்டு தடவை படிச்சேன். நீலம் மனசை அமைதியாக்கும்னு போட்டிருக்கு. மஞ்சள் சந்தோஷமாம். பச்சை பார்த்தா தெம்பு வருமாம். அவ நிமிர்ந்துகூடப் பார்க்கலை."

"ரோஸ் இன்னும் பாக்கி இருக்கே."

"ரோஸ் பாசமாம். அதுதான் கேட்க வந்தேன். இன்னிக்கு அடிச்சா வியாழனுக்குள்ள காயுமா?"

"அதை பெயிண்டரைக் கேளுங்க அக்கா."

"அவன் பேச்சையே எடுக்காதீங்க! பழைய சுண்ணாம்பைச் சுரண்டாம அடிச்சா உரியும்னு சொன்னான். சுரண்டினா ரெண்டு நாள் ஆகும், வீடெல்லாம் தூசி. மேலேயே அடின்னுட்டேன். இப்போ அப்பளம் அப்பளமா உரியுது. நான் அப்பவே சொன்னேனேன்னு சிரிக்கிறான்."

"பொண்ணு என்ன சொன்னா?"

"எல்லாரும் என்னைத்தான் சொல்வாங்க. அவ எங்கே சொன்னா?" செங்கமலம் ஒரு காம்பை வெடுக்கென்று கிள்ளினாள். "முதல் நாள் பெயிண்டர் பிரஷ்ஷை எடுத்ததும், கட்டில் பக்கத்துச் சுவர்ல போய் ஒட்டிக்கிட்டு நின்னா. 'இதை மட்டும் விட்டுடும்மா'ன்னா. நாலு மாசத்துல அவ பேசினது அது ஒண்ணுதான். மூணு சுவர் நீலம், ஒரு சுவர் அழுக்கு, நல்லாவா இருக்கும்? கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்து கூடத்துல உட்கார வெச்சேன்."

அம்மாவின் கை கீரையில் நின்றது.

"அந்தச் சுவர்தான் இப்போ அதிகமா உரியுது. இதோ பாருங்க, ஒரு துண்டு கொண்டு வந்திருக்கேன். இந்தப் பச்சையில என்ன குறை, சொல்லுங்க."

தாளில் மடித்து வைத்திருந்தாள். உள்ளங்கை அகலத் துண்டு. ஓரத்தில் மூன்று நிறமும் ஒன்றின்மேல் ஒன்றாகத் தெரிந்தன.

அம்மா பச்சையைப் பார்க்கவில்லை. துண்டைத் திருப்பினார்.

பின்பக்கம், முதலில் அடித்த நீலம். அதில் சுண்ணாம்புப் பொடி. பொடிக்கு நடுவே பென்சில் எழுத்துகள், நெருக்கி நெருக்கி, நாலு வரி. சுவரில் இருந்தவை பெயிண்டோடு ஒட்டிக்கொண்டு வந்திருந்தன.

"இது என்ன அக்கா?"

"அதுவா? அவ கிறுக்கினது. சின்னதிலேருந்தே அப்படித்தான். மனசுக்கு ஏதாவதுன்னா வாயால சொல்ல மாட்டா, சுவர்ல எழுதி வைப்பா. பெயிண்டர்கூடக் கேட்டான், எழுத்து இருக்கே, அடிச்சுடலாமான்னு. அடின்னேன்."

"என்ன எழுதியிருந்துச்சு?"





செங்கமலம் துண்டை வாங்கிக் கண்ணருகே பிடித்தாள். எழுத்துகள் இடம் வலமாகத் திரும்பிக் கிடந்தன. நேராக இருந்தாலே கூட்டித்தான் படிப்பாள். 'அ' மாதிரி ஒன்று தெரிந்தது. பக்கத்தில் 'ம்' மாதிரி ஒன்று. அதற்குமேல் பிடிபடவில்லை. துண்டின் ஓரம் விரலில் நொறுங்கியது.

"கண்ணாடி இருக்கா அம்மா? கண்ணாடியில காட்டினா நேரா தெரியும். சீக்கிரம் குடுங்க, உதிருது!"

"கண்ணாடி எதுக்கு அக்கா?" என்றார் அம்மா. அவர் குரலில் முதல் முறையாகச் சலிப்பு. "எழுதினவ வீட்டுலதானே இருக்கா?"