சிங்காரி காட்டாத இடம்

மலைக்காட்டுக் குளத்தங்கரையில் சிங்காரி என்றொரு முயல் இருந்தது. ஏதோ பங்களாவிலிருந்து தப்பி வந்தது. இரண்டு கைக்குள் அடங்கும் உடம்பு. தரையைக் கூட்டும் முடி. கன்னத்தில் விழும் தொங்கு காது. அந்த முடியைச் சிக்கெடுக்கும் வேலை கருமுகன் என்ற குரங்கின் தலையில் விழுந்தது.

இதற்கு ஏன் ஒப்புக்கொண்டோம் என்று கருமுகன் தினமும் தன்னையே நொந்துகொண்டது. காலையில் விரல் நோகச் சிக்கெடுக்கும். மாலைக்குள் சிங்காரி ஒட்டுப்புல்லில் புரண்டுவிட்டு வந்து முதுகை நீட்டும். முதுகை மட்டும்தான். வயிற்றுப் பக்கம் விரல் போனால் ஊரைக் கூட்டிவிடும்.

குரங்குகளுக்குள் ஒரு வழக்கம் உண்டு. எதிரில் இருப்பவர் காட்டும் இடத்தில்தான் பேன் பார்க்க வேண்டும். மற்ற இடத்தைத் தொட்டால் சண்டை. கருமுகனுக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. முதுகு பளபளத்தது. அணில்கள் நின்று பார்த்துப் பாராட்டின. அடியிலோ முடி கம்பளிபோல் திரண்டு, பின்னங்கால்களை ஒன்றோடொன்று பிணைத்துக்கொண்டிருந்தது.

மழை பெய்து ஓய்ந்த ஒருநாள் புதரிலிருந்து நரி வந்தது. மற்ற முயல்கள் வளைக்குள் பாய்ந்தன. சிங்காரியும் பாய்ந்தது. நனைந்து இறுகிய முடி காலை இழுக்க, குப்புற விழுந்தது.

“ஓடு அம்மணி, ஓடு!” என்று மரத்தின் மேலிருந்து கருமுகன் கத்தியது.

“கால் வரமாட்டேங்குதே!”

கருமுகன் கீழே குதித்தது. நரியின் மூக்கடியிலிருந்து முயலை வாரிக்கொண்டு கிளையேறியது. அங்கே அதை மல்லாத்திப் போட்டது. வலிக்கும், வேண்டாம் என்று சிங்காரி கெஞ்சியது.

“நல்லாக் கத்து. இன்னிக்கு நான் கேக்கறதா இல்லை” என்றது கருமுகன்.

முடிக்கட்டியைப் பல்லால் கடித்து விலக்கினால், அடியில் தோல் புண்ணாகிக் கிடந்தது. கருமுகனுக்குக் கோபம் தலைக்கேறியது.

“இத்தனை நாளா ஏன் வாயைத் திறக்கலை?”

“நீங்கதான் தினமும் பாக்கறீங்களே, அண்ணே. எல்லாம் சரியா இருக்குன்னு நினைச்சேன்.”

கருமுகன் குனிந்து அடுத்த கட்டியைக் கடித்தது. சிங்காரி காடே அதிரக் கத்தியது. கீழே காத்திருந்த நரி, குரங்கே முயலைத் தின்னத் தொடங்கிவிட்டது என்று சலித்துக்கொண்டு நடையைக் கட்டியது.

நோகுமே என்று மேலோட்டமாகக் கவனிப்பது, கவனிக்காமல் விடுவதைவிடப் பெரிய தீங்கு. எல்லாம் சரியாக இருக்கிறது என்று அது இருவரையுமே நம்பவைத்துவிடும்.