முத்திரையின் முகம்

கிரேக்க நாட்டு மலைச்சரிவில் லிவாதோனி என்று ஒரு சிற்றூர். அதன் மக்கள் அதை நகரம் என்பார்கள். மறுத்துப் பேசுகிறவர்களுக்கு அங்கே காபி கிடைக்காது. அதையும் சுற்றியுள்ள மூன்று கிராமங்களையும் ஒரே சபை நிர்வகித்தது. ஊருக்கு ஊர் நம்பிக்கை இல்லாத காலத்தில் முன்னோர்கள் ஒரு காரியம் செய்திருந்தார்கள். சபையின் வெண்கல முத்திரையைக் குறுக்குவாட்டில் நான்காக அறுத்து, ஊருக்கு ஒரு துண்டாகக் கொடுத்துவிட்டார்கள். நான்கு செயலர்களும் வந்து துண்டுகளைச் சேர்த்தால்தான் எந்த உத்தரவிலும் முத்திரை விழும்.

முத்திரையில் புனித நிக்கோலஸ் நிற்கிறார். அவருடைய முகம் பெத்ரோலக்கா என்ற குக்கிராமத்திடம் இருந்தது. மார்பும் முழங்காலும் மற்ற இரண்டு கிராமங்களிடம். லிவாதோனியிடம் பாதம்.

லிவாதோனியின் செயலர் ஸ்தமாதிஸுக்கு ஐம்பத்தெட்டு வயது. பொறாமையில் வெந்துகொண்டிருந்தார். உத்தரவைக் கையில் வாங்கியதும் முத்திரையில் இருக்கும் முகத்தை முத்தமிடுவது அந்தப் பக்கத்து வழக்கம். பாதத்தை யாரும் சீண்டுவதில்லை. ஒவ்வொரு முத்தமும் பெத்ரோலக்காவின் செயலர் எவாந்தியாவுக்கே போய்ச் சேர்வதாக அவருக்குத் தோன்றும். அவள் காலையில் ஆடு மேய்ப்பவள், மதியத்துக்கு மேல்தான் செயலர். அது வேறு அவருக்கு வயிற்றெரிச்சல்.

ஊர் வரலாறு எழுதுவதற்காகப் பழைய கட்டுகளைப் புரட்டியபோது ஒரு கடிதம் கிடைத்தது. முதலில் முகம் லிவாதோனியிடம்தான் இருந்திருக்கிறது. அந்நாளைய செயலர் ஒருவர் ஒரு கோவேறு கழுதைக்கு ஆசைப்பட்டு முகத்தைப் பெத்ரோலக்காவுக்குக் கொடுத்துவிட்டுக் கழுதையையும் பாதத்தையும் வாங்கிக்கொண்டார்.

அன்றிலிருந்து ஸ்தமாதிஸ் தன் துண்டை வெளியே எடுக்கவில்லை. மூன்று வாரமாக ஓர் உத்தரவும் நகரவில்லை. பெத்ரோலக்காவில் ஊற்றுக் குழாய் உடைந்து கிடந்தது. அதைச் சரிசெய்யும் உத்தரவும் முத்திரைக்காகக் காத்திருந்தது. ஊரே தண்ணீர் சுமந்தது.

ஸ்தமாதிஸ் கடிதத்தோடு மடத்துக்கு ஏறினார். அவருடைய குரு ஐரேனியோஸ் துறவி, அவரைவிடப் பதினெட்டு வயது இளையவர். வாதுமை மரங்களின் அடிப்பகுதிக்கு மட்டையால் சுண்ணாம்பு பூசிக்கொண்டிருந்தார்.

"சாமி, தலை இருக்க வால் ஆடலாமா?"

"எது தலை?"

"நாங்கதான். இதைப் படிங்க."

குரு கையைத் துடைத்துக்கொண்டு கடிதத்தைப் படித்தார்.

"கழுதை நல்லா உழைச்சுதாமா?"

"விளையாடாதீங்க சாமி. எங்க பொருளை நாங்க கேக்கிறது தப்பா?"

"கேட்டீங்களா?"

கேட்க வேண்டும் என்று ஸ்தமாதிஸுக்குத் தோன்றியதே இல்லை.

"கேட்டா மட்டும் குடுத்துருவாளா? உயிரே போனாலும் குடுக்க மாட்டா."

குரு மட்டையை வாளியில் போட்டுவிட்டு எவாந்தியாவுக்கு ஆள் அனுப்பினார்.

அவள் இரண்டு காலிக் கேன்களோடு வந்து சேர்ந்தாள். திரும்பும்போது மடத்துக் கிணற்றில் நிரப்பிக்கொள்ளலாம் என்று எண்ணம்.

"அண்ணனுக்கு முகம் வேணுமாம்," என்றார் குரு.

"அவ்வளவுதானா?"

கோட்டுப் பைக்குள் கைவிட்டு, ஆட்டு ரோமம் ஒட்டியிருந்த துண்டை எடுத்து நீட்டினாள்.

"இந்தாங்க அண்ணே. பாதத்தை எங்கிட்டக் குடுங்க. நாளைக்குக் காலையில குழாய் உத்தரவுல முத்திரை போட்டுருவோமா?"

ஸ்தமாதிஸ் மாற்றிக்கொண்டார். அவள் கேன்களை நிரப்பிக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

மறுநாள் முத்திரை விழுந்தது. அந்த வாரமே பெத்ரோலக்காவில் தண்ணீர் வந்தது. ஸ்தமாதிஸ் முகத்தைப் பட்டுத் துணியில் சுற்றி மேசைமேல் வைத்துக்கொண்டார். முதல் நாள் அவருக்குத் திருவிழாவாக இருந்தது. இரண்டாம் நாள் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார். பத்தாம் நாள் கண்கள் குழிவிழுந்து மறுபடி மடத்துக்கு ஏறினார்.

"சாமி, அவ ஏன் அவ்வளவு லேசாக் குடுத்தா?"

"தண்ணி வேணுமேன்னு குடுத்தா."

"தண்ணிக்காக முகத்தையே குடுப்பாங்களா? அவளுக்கு என்னமோ தெரிஞ்சிருக்கு. நேத்து சபைக்கு வந்தப்போ அந்தப் பாதத்தைத் துடைச்சுக்கிட்டு இருந்தா. என்னைப் பாத்ததும் சிரிச்சா."

"சிரிச்சா என்ன?"

"எனக்குப் பத்திக்கிட்டு வருது சாமி. ராத்திரியும் பகலும் அதே நெனப்பு." ஸ்தமாதிஸ் குருவின் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்தப் பாதத்துல அப்படி என்னதான் இருக்கு? நீங்களாவது சொல்லுங்க."

"என்னைக் கேக்கிறீங்களே," என்றார் குரு. "இருபத்தேழு வருஷம் அது உங்க பையிலதானே இருந்துச்சு?"